கம்பிக்குள் ஏறிய பனி

முதலில் அவருடைய கட்டைவிரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். இல்லை, பனியைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். எதில் தொடங்கினாலும் மற்றது வந்து குறுக்கே நிற்கிறது. சரி, விரலிலேயே தொடங்கிவிடுகிறேன்.

வலது கைக் கட்டைவிரல். அகலமான நகம். ஈயம் உருக்கி ஒட்டுகிற வேலையில் சூடுபட்டுச் சூடுபட்டு ஓரமெல்லாம் கறுத்திருக்கும். அவருடைய ஆம்ப்ளிஃபயரின் முகத்தில் மூன்று திருகுகள் இருந்தன. கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் திருவிழா, எதுவானாலும் சரி, யாராவது மைக்கைப் பிடித்துவிட்டால் அந்த விரல் நடுத்திருகின் மேல் வந்து உட்கார்ந்துவிடும். பேசுகிறவர் முடிக்கும்வரை அங்கேயேதான். காப்பி கொடுத்தால் இடது கையால் வாங்கிக் குடிப்பார். மூக்கு அரித்தாலும் இடது கைதான்.

மலேசியாவில் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களுக்கெல்லாம் அப்போது அவர்தான் மைக்செட்டுக்காரர். பிள்ளைகளுக்கு மைக் மாமா. பிரிஞ்சாங்கில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். ஒரு பழைய லேண்ட்ரோவர். அதன் தலையில் ஒன்றோடொன்று கோபித்துக்கொண்ட மாதிரி எதிரெதிர்த் திசை பார்த்துக் கட்டிய இரண்டு குழாய் ஸ்பீக்கர்கள். வளைவில் வண்டி முக்கிக்கொண்டு ஏறுகிற சத்தம் கேட்டதும் லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் நாங்கள் எல்லோரும் ஓடுவோம். கம்பளியில் சுற்றிய பெட்டியைக் காய்ச்சல் கண்ட பிள்ளையை இறக்குவதுபோல இறக்கி வைப்பார். வால்வுகள் சூடேறும்வரை காத்திருப்பார். அந்தக் குளிருக்குப் பெட்டியின் மேல் கையைக் காட்டினால் சுகமாக இருக்கும். நாலைந்து பேர் கையை நீட்டிக்கொண்டு நிற்போம். விரட்ட மாட்டார். "ஒரு பக்கம் வெந்துருச்சின்னா திருப்பிப் போடுங்கடா" என்பார்.

மைக்கைப் பிடிக்கிறவர்கள் செய்கிற முதல் காரியம் ஊதிப் பார்ப்பது. அது அவருக்கு ஆகவே ஆகாது. "ஏன்யா ஊதுறீங்க? அடுப்பா எரியுது அங்க?" பெரிய மனிதர், சின்ன மனிதர் பார்க்க மாட்டார். மற்றபடி வாயைத் திறக்காத ஆள். அவர் சொல்லி நான் கேட்ட நீளமான பேச்சு ஒன்றே ஒன்றுதான்: "வாயால சொன்னா ஒரு வீட்டுக்குள்ள கெடக்கும். குழாயில சொன்னா மலை தாண்டிப் போயிடும்லா. போனதத் திருப்பிக் கூட்டியாற முடியாது."

அது உண்மை. எங்கள் லயத்தில் பாட்டு வைத்தால் பள்ளத்தாக்கைத் தாண்டி அடுத்த டிவிஷனில் கொழுந்து பறிக்கிறவர்கள் தலையை ஆட்டுவார்கள்.

அதனால்தான் அந்த விரல். சொல்லக்கூடாத ஒன்றை ஒருவர் சொல்லப்போகிறார் என்றால், சொல்வதற்கு அரை விநாடி முன்னால் திருகு இடப்பக்கம் திரும்பும். மைக் செத்துப்போகும். அதே மூச்சில் இடது கை நாதஸ்வரப் பிளேட்டின் மேல் ஊசியை இறக்கும். பிறகு மைக் வயரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, வருத்தமாகத் தலையை ஆட்டி, "பனி ஏறிடுச்சு" என்பார். மலையில் பனிக்கா பஞ்சம்? யாரும் மறுத்துப் பேச முடியாது.

கோலா தெர்லாவில் காய்கறித் தோட்டக்காரர் ஒருவர் வீட்டுக் கல்யாணம். மாப்பிள்ளையின் சித்தப்பா காலையிலேயே தண்ணி போட்டுவிட்டு வந்து மைக்கைப் பிடித்துக்கொண்டார். "இந்தப் பொண்ண நாங்க எடுக்கிறோம்னா அது எங்க பெரிய மனசு. ஏன்னா இதே பொண்ணப் போன வருசம் ஒரு எடத்துல..." அவ்வளவுதான் மலைக்குக் கேட்டது. மீதியை நாதஸ்வரம் தின்றுவிட்டது. "பனி ஏறிடுச்சுண்ணே, நீங்க பேசிக்கிட்டே இருங்க, சரியாயிடும்" என்றார் இவர். சித்தப்பாவும் செத்த மைக்கில் கால்மணி நேரம் பேசி, தானே கைதட்டிவிட்டு இறங்கினார். சாப்பாட்டுப் பந்தியில் பெண்ணின் அப்பா இவர் இலைக்கு முன்னால் குனிந்து நின்று தன் கையாலேயே கறி அள்ளி வைத்ததைப் பார்த்தேன்.  எனக்கு அப்போது பத்து வயது. ஏன் அவ்வளவு உபசாரம் என்று விளங்கவில்லை.

இப்படி மட்டும் இருந்திருந்தால் அவரை நல்லவர் என்று சொல்லிவிட்டு இந்தக் கட்டுரையை முடித்திருப்பேன். முடியவில்லை.

அடுத்த தீபாவளிக்குக் கோயில் மண்டபத்தில் விருந்து. தோட்டத்துத் துரை வந்திருந்தார். கொழுந்து பறிக்கிற பெண்கள் சார்பாக நன்றி சொல்ல மேட்டு லயத்து அக்கா ஒருவர் எழுந்தார். "தொரைக்கு நன்றி. கிராணிக்கு நன்றி. ஆயாக்கொட்டாயி கூரைக்கும் நன்றி. மழை பேஞ்சா புள்ளைங்களக் குளிப்பாட்டுற வேல மிச்சம்." எல்லோரும் சிரித்தார்கள். அக்காவுக்குச் சூடு பிடித்துவிட்டது. "மூணு வருசமா எழுதிக் குடுத்த மனுவெல்லாம் எங்க போச்சுன்னு இன்னிக்கித் தொரை வாயால..."

மைக் செத்தது. "பனி ஏறிடுச்சு."

அக்கா மண்டபத்துக்கு வெளியே எட்டி வானத்தைப் பார்த்தார். நீலமாகத் துடைத்துவிட்டது போல இருந்தது. "ஏண்ணே, பனி கம்பியில ஏறுச்சா, ஒங்க வெரல்ல ஏறுச்சா?"

மண்டபமே சிரித்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். அன்றைக்குப் பிளேட் போடவில்லை. அக்கா மைக்கைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பில் கையை ஊன்றி, வெறும் தொண்டையிலேயே மீதியைப் பேசி முடித்தார். துரைக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. மறுமாதம் பிள்ளைகளை விட்டுச்செல்லும் அந்தக் கொட்டகைக்குப் புதுத் தகரம் வந்து இறங்கியது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் சண்டைதான். "தொரைக்குக் கூஜா தூக்குற ஆளு" என்பார் அப்பா. "நாலு பேரு மானத்தக் காப்பாத்துன கையி. சும்மா பேசாதீங்க" என்பார் அம்மா. நான் அப்பா கட்சி. அடுத்த வருடம் அப்பாவைவிடத் தீவிரமான கட்சிக்காரியாகிவிட்டேன். அதற்குக் காரணம் இருந்தது.

இப்போது நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படிக்கிறேன். சில மாதங்களுக்கு முன் கல்லூரி நூலகத்தில் பழைய ஆங்கில இதழ் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். யூதர் ஒருவர் எழுதியிருந்தார். அவர்கள் வீட்டில் ஆண்பிள்ளைக்குப் பதின்மூன்று வயதானால் சபைக்கு முன் நிறுத்தி வேதம் படிக்க வைப்பார்களாம். பையன் ஒரு சொற்பொழிவும் ஆற்ற வேண்டுமாம். அன்றிலிருந்து அவன் பெரியவன். அந்தச் சொற்பொழிவுக் காகிதத்தைப் பல வருடம் கழித்துக் கண்டெடுத்து, படித்துப் பார்த்து, வெட்கப்பட்டு, சிரித்து எழுதியிருந்தார். எனக்கு நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை. விடுதிக்கு ஓடி அறைத்தோழியைப் பிடித்து உலுக்கினேன்.

"நானும் பேசியிருக்கேன்டி! என் சடங்குல! மைக்குல!"

"சடங்குலயா? பொண்ணு தலையக் குனிஞ்சுதான உக்காந்திருக்கும்? அதுக்கு எதுக்கு மைக்கு?"

நியாயமான கேள்வி. அதற்குக் காரணம் என் தாய்மாமன். கம்போங் ராஜாவில் காய்கறி லோரி ஓட்டுகிறவர். எங்கள் பக்கத்தில் நாலு பேர் கூடினால் ஒலிபெருக்கி வேண்டும், ஒலிபெருக்கி வந்தால் யாராவது 'இரண்டு வார்த்தை' பேச வேண்டும். "எம் மருமவ பேச்சுப் போட்டியில கப்பு வாங்குனவ. பொம்ம மாதிரி குந்த வைக்கவா மைக்குப் பிடிச்சிருக்கேன்? பேசட்டும்லா" என்று மாமா முடிவு கட்டிவிட்டார். "குத்த வச்ச பொண்ணு மைக்குல பேசுறதா!" என்று அத்தை மோவாயில் கை வைத்தார். நான் அதற்குள் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த அன்றே தகரப் பெட்டியைக் கவிழ்த்தேன். சடங்குக்கு மாமா எடுத்துக் கொடுத்த சேலைக்கு அடியில் காகிதம் இருந்தது. பள்ளி நோட்டில் கிழித்த நான்கு தாள்.

ஐயோ, அந்த முதல் பக்கம்! தலைவரே இல்லாத சபையில் 'மாண்புமிகு தலைவர் அவர்களே.' காலை பதினொரு மணிக்கு 'அந்தி வணக்கம்.' 'தேயிலைச் செடியைப் போலவே நானும் இன்று புதிய கொழுந்து விட்டு நிற்கிறேன்.' தரையில் உருண்டு சிரித்தேன். சிரித்துக்கொண்டே இரண்டாம் தாளுக்கு வந்தேன். நடுவில், ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்கும் இடத்தில், பென்சிலால் அழுத்தி வைத்த ஒரு புள்ளி.

அந்தப் புள்ளியை வைத்தவர் அவர்தான்.

சடங்கன்று காலையில் வந்ததும் வழக்கம்போல, "பேசுறவங்க காகிதத்தக் குடுங்க. முடியிற எடம் பாத்துப் பிளேட்டு எடுத்து வைக்கணும்" என்றார். நான் ஓடிப்போய் நீட்டினேன். லேண்ட்ரோவரில் சாய்ந்துகொண்டு உதடு அசையப் படித்தார். இரண்டாம் தாளில் உதடு நின்றுவிட்டது. திரும்ப மேலிருந்து படித்தார். பிறகு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார்.

"மூச்சே விடாம படிப்ப போலருக்கே. இந்தப் புள்ளி வருதுல்ல, இங்க நிறுத்தி நல்லா மூச்சு விடும்மா. அப்புறம் படி."

"எவ்ளோ நேரம் நிறுத்தணும் மாமா?"

"ஒண்ணு ரெண்டு எண்ணு."

தொழில் தெரிந்தவர் சொல்லிக் கொடுக்கிறார் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

மஞ்சள் தண்ணீர் ஊற்றி, சேலை கட்டி, மாலை போட்டு, மணையில் உட்கார வைத்தார்கள். முன்வரிசையில் துரை. அவர் பக்கத்தில், தோட்டத்துப் பெயர்ப் பதிவும் கணக்கும் பார்க்க அந்த வருடம்தான் மாற்றலாகி வந்த புதுக் கிராணி. மாமா மைக்கைக் கொண்டுவந்து நிறுத்தினார். நான் ஊதவில்லை. படிக்கத் தொடங்கினேன். என் குரல் லயத்துக் கூரைகளைத் தாண்டி, தேயிலைச் சரிவில் இறங்கி, எதிர்மலையில் இடித்துத் திரும்பி என்னிடமே வந்தது. அந்த நிமிடம் மாதிரி இன்னொரு நிமிடம் எனக்கு இன்னும் வாய்க்கவில்லை. முதல் தாள் முடிந்தது. துரைகூடக் கைதட்டினார். இரண்டாம் தாள். புள்ளி வந்தது. நிறுத்தி மூச்சு விட்டேன். ஒன்று. இரண்டு.

வாயைத் திறந்தேன். நாதஸ்வரம் வெடித்தது.

மைக் செத்திருந்தது. இரண்டு மூன்று வரிகள் உதட்டை அசைத்துப் பார்த்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. பேச்சு முடிந்துவிட்டதென்று மாமா எழுந்து கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். பெண்கள் ஆலாத்தித் தட்டோடு வந்துவிட்டார்கள். சுற்றி முடித்ததும் மாலையும் சேலையுமாக நேராக அவரிடம் போய் நின்றேன்.

"நீங்கதான் அமுக்குனீங்க."

"பனிம்மா."

"வெயில் கொளுத்துது! எல்லாரும் தலையில துண்டு போட்டிருக்காங்க!"

"கம்பிக்குள்ள இருக்குற பனிக்கு வெயில் தெரியாதும்மா."

"பிளேட்டுக்கு மட்டும் பனி ஏறலையா?"

அவர் இடது கையில் காப்பி வைத்திருந்தார். அது ஆடி ஆடிச் சட்டையில் சிந்திக்கொண்டிருந்தது. வயதாகிவிட்டது என்று நினைத்தேன். வேண்டும், நன்றாகச் சிந்தட்டும் என்றும் நினைத்தேன். அதற்குப் பிறகு பத்து வருடம் அவரோடு நான் பேசவில்லை. பிரிஞ்சாங் கடைத்தெருவில் எதிரே வந்தால் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவேன். துரைக்கு முன்னால் ஒரு தோட்டத்துப் பெண்பிள்ளை அதிகம் பேசிவிடக்கூடாது, அதனால் அமுக்கினார். என் தீர்ப்பு அதுதான். கல்லூரியில் கட்டுரைப் போட்டிகளில்கூட, பெயர் சொல்லாமல், அவரை உதாரணம் காட்டியிருக்கிறேன்.

புள்ளிக்கு அடுத்த வரியில் என்ன எழுதியிருந்தேன் என்பது மறந்தே போயிருந்தது. இப்போது படித்தேன்.

'என் தாயாருக்கு இரண்டு பெயர்கள். தினமும் காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டில் கூப்பிடுவது இறந்துபோன என் பெரியம்மாவின் பெயர். என் தாயார் "இருக்கேங்கய்யா" என்று பதில் சொல்லி அவரை உயிரோடு வைத்திருக்கிறார். இத்தகைய தியாகத் தாயின் உண்மைப் பெயரை இந்தச் சபை இன்று அறியட்டும். அவர் பெயர்...'

பெயரையும் எழுதியிருந்தேன். கொட்டை எழுத்தில். அடிக்கோடு போட்டு.

சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. அம்மா ஜப்பான்காரன் காலத்தில் காட்டோரக் குடிசையில் பிறந்தவர். பிறப்புப் பத்திரம் எழுத அன்றைக்கு யார் இருந்தார்கள்? பத்திரம் இல்லை, அதனால் குடியுரிமைக்கான நீல அட்டை இல்லை. அக்காவான பெரியம்மாவுக்கு இருந்தது. பிறகு அட்டை இல்லாதவர்களுக்கு வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்று வந்தது. பெர்மிட் கிடைக்காதவர்கள், கண்ணாலேயே பார்த்திராத, இந்தியாவில் இருந்த 'ஊருக்கு'க் கப்பல் ஏறினார்கள். அந்தச் சமயத்தில்தான் பெரியம்மா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். சாவை யாரும் டவுனில் போய்ப் பதியவில்லை. முகம் இரண்டு பேருக்கும் ஒரே வார்ப்பு. பழைய கங்காணி பெரியம்மாவின் அட்டையை அம்மா கையில் வைத்து, "நாளையிலேருந்து பெரட்டுல இந்தப் பேரக் கூப்புட்டா நீ கொரல் குடு" என்றாராம். லயம் முழுக்கத் தெரிந்த விஷயம். பிள்ளைகளிடம் 'வெளியில் சொல்லாதே' என்று யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. ஒரு பிள்ளை இதை மைக்கில், துரைக்கும் புதுக் கிராணிக்கும் முன்னால், மலை தாண்டிக் கேட்கும்படி, பெருமையாக அறிவிக்கும் என்று யார் கனவு கண்டார்கள்?

காகிதத்தோடு அடுப்படிக்கு ஓடினேன். அம்மா முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். படிக்கத் தெரியாதவர். காகிதத்தைப் பார்த்ததுமே கண்டுகொண்டார்.

"அதா? இன்னுமா வச்சிருக்க?"

"ஒனக்குத் தெரியுமாம்மா? இதுல என்ன எழுதியிருந்தேன்னு?"

"அன்னிக்கே தெரியும். அவரு பின்பக்கமா வந்தாரு. 'அக்கா, புள்ள ஒங்க பேர எழுதி வச்சிருக்கு'ன்னாரு.  புள்ளயக் கூப்புட்டு அந்த வரிய அடிச்சிடச் சொல்றேன்னேன். 'வேணாங்க்கா, ஏன்னு கேக்கும். சொன்னா பயந்துரும். அதுக்கு இன்னிக்கி நல்ல நாளு. நீங்க போயி ஒக்காருங்க, நான் பாத்துக்குறேன்'னாரு."

"நீ போயி உக்காந்துட்டியா?"

"வேற என்ன செய்ய? ஆலாத்தித் தட்டப் புடிச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தேன். நீ வரி வரியா வர்ற. நான் ஒன்னப் பாக்கவே இல்ல. அந்த ஆளு வெரலத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

என் சடங்கில் அம்மா என்னைப் பார்க்கவே இல்லை.

"பத்து வருசமா ஏம்மா சொல்லல? நான் அந்த மனுசன எப்படியெல்லாம் திட்டியிருக்கேன்!"

"சொன்னா நன்றி சொல்றேன்னு குதிச்சிக்கிட்டு ஓடுவ. ஒன் வேகத்துக்கு, போற வழியில பத்துப் பேருக்குச் சொல்லிட்டுத்தான் அவருகிட்டப் போயிச் சேருவ." கத்தியை முட்டைக்கோஸில் இறக்கினார். "இப்பயும் ஓடத்தான போற."

மறுநாள் முதல் பஸ்ஸில் பிரிஞ்சாங் போனேன். ரேடியோக் கடை இல்லை. விசாரித்ததில், இப்போது அவர் சந்தையில் கேசட் விற்கிறார், மூன்று மணிக்கு மேல்தான் வருவார் என்றார்கள். அதுவரை தெருவை ஆறு முறை அளந்தேன். சரியாக மூன்றேகாலுக்கு அதே லேண்ட்ரோவர் வந்தது. ஸ்பீக்கர்கள் இருந்த இடத்தில் மடக்கு மேசை. தலை முழுக்க வெளுத்திருந்தது. விரல் மட்டும் அப்படியே.

"மாமா, என்னத் தெரியுதா?"

கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "பிளேட்டுக்கு மட்டும் பனி ஏறலையான்னு கேட்ட பொண்ணு."

நான் கொட்டினேன். யூதர், நூலகம், பெட்டி, புள்ளி, அம்மா, பத்து வருடம், மன்னிப்பு. எதற்குப் பின் எது என்றில்லாமல் எல்லாம். காகிதத்தை விரித்து அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன். வாங்கினார். அதே போல உதடு அசையப் படித்தார். புள்ளி வந்ததும் நிறுத்தினார். இடப்பக்கம் பூக்கடைக்காரர், வலப்பக்கம் சோளம் வாங்க நிற்கிற கும்பல். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் காகிதத்தை நாலாக மடித்தார்.

"அம்மா இன்னும் பெரட்டுக்குப் போறாங்களா?"

"போறாங்க மாமா."

"அந்தப் பேருலயே?"

"ம்."

"அப்ப இத எதுக்கும்மா டவுனுக்குத் தூக்கிட்டு வந்த?"

 பன்னிரண்டு வயதில் செய்ய இருந்ததை இருபத்திரண்டு வயதில், சந்தை நடுவில், செய்துகொண்டு நிற்கிறேன். மடித்த காகிதத்தை அவரே என் கைப்பைக்குள் வைத்து, பையின் வாயை மூடினார்.

வந்த வேலை முடிந்தது, போயிருக்கலாம். ஆனால் எனக்கு ஒன்று கேட்டாக வேண்டியிருந்தது.

"அந்தத் தீபாவளிக்கு மேட்டு லயத்து அக்கா பேசுனாங்களே. அப்ப ஏன் அமுக்குனீங்க? தொரைக்குப் பயந்தா?"

கேசட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னார். 

"பயந்துதான். ஒன் சடங்குலயும் பயந்துதாம்மா திருப்புனேன். ரெண்டும் ஒரே பயம்தான். ஒண்ணு சரியாப் போச்சு, ஒண்ணு தப்பாப் போச்சு. திருப்பும்போது எதுன்னு தெரியாது."

"அன்னிக்கிப் பிளேட்டு போடலையே மாமா?"

"எடது கையி வரல."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. போகும்போதும் சும்மா இருக்க முடியாமல், "இதெல்லாம் நான் எழுதப்போறேன், பத்திரிகைக்கு" என்றேன். அவர் திகைத்தார் என்று நினைக்கிறேன். பிறகு லேசாகச் சிரித்தார்.

"எழுது. ஒனக்கு வரும். அந்தத் தேயிலக் கொழுந்தெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு." மேசை மேல் ஆம்ப்ளிஃபயர் இல்லை, திருகும் இல்லை. வெறும் காற்றில் கட்டைவிரலை வைத்தார். "பேரு வர்ற எடத்துல மட்டும்..."

விரல் இடப்பக்கம் திரும்பியது.

வீட்டுக்கு வந்து மூன்று தாள்களைப் பெட்டியில் வைத்தேன். இரண்டாம் தாளை அடுப்பில் வைத்து ஊதினேன். ஊத வேண்டிய இடத்தில்தான் ஊதினேன் என்பதில் ஒரு சின்ன ஆறுதல். மற்றபடி ஆறுதல் ஒன்றும் இல்லை. அவருடைய பெயரையும் எங்கள் தோட்டத்தின் பெயரையும் இங்கே நான் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். இது அந்தச் சரியான பயமா, தப்பான பயமா? எனக்குத் தெரியவில்லை. மேட்டு லயத்து அக்காவாக இருந்தால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொல்லியிருப்பார். ஆனால் நாளைக் காலையில் பெரட்டில் பெரியம்மாவைக் கூப்பிடுவார்கள். அம்மா "இருக்கேங்கய்யா" என்று சொல்லியாக வேண்டும். அதற்காக, ஒன்று, இரண்டு எண்ணி, மூச்சு விட்டுவிட்டு, இதைச் சொல்கிறேன். என் அம்மாவுக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருக்கிறது. அழகான பெயர். அது...

பனி ஏறிடுச்சு.